நோன்புக் காலத்து இறுதியாட்டம்

சென்ற கிழமை என் முதல் வகுப்பறையையும் அதன் ஒழுகும் கூரையையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூரை அது பாட்டுக்கு ஒழுகட்டும். இந்தக் கிழமை டென்னிஸ்.

முதல் செட்டை வென்று, இரண்டாவது செட்டைத் தோற்றுவிட்டு வந்து வாங்கில் உட்கார்ந்திருக்கிறோம், ஹனிபாவும் நானும். எங்கள் இருவருக்கும் நடுவே ஈரத்துணி சுற்றிய மண்கூஜா ஒன்று. அது வேர்த்து வழிந்த நீர் பலகையில் ஊறி என் காற்சட்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சி தொடையில் பட்டதும் தொண்டை தானாக ஒருமுறை விழுங்கியது. விழுங்க வாயில்தான் ஒன்றும் இல்லை.

எதிர் வாங்கில் பெர்சியும் எரிக்கும் ஆளுக்கொரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எதிராளிகள், ரயில்வே உத்தியோகத்தில் இருந்த பறங்கிச் சகோதரர்கள். அண்ணன் பெர்சி குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். அந்தத் தண்ணீர் செம்மண்ணில் விழுந்து வீணாவதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஹனிபா குடிக்க மாட்டான். அவனுக்கு நோன்பு. நான் குடிக்கலாம். எனக்குத் தடை எதுவும் இல்லை. இருந்தும் குடிக்கவில்லை.

மூன்றாவது செட் மட்டும்தான் பாக்கி. அதில் தோற்றால் ஹனிபாவின் டென்னிஸ் அன்றோடு சரி. அது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

ஹாஜியார் வைத்த நிபந்தனை

ஹனிபாவின் தகப்பனார் கண்டியில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார். நாவலப்பிட்டியில் இன்னொரு கடை திறந்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்த மகன் கண்டிக் கடையில் இருந்தான். மிச்சம் இருந்தது டென்னிஸ் விளையாடித் திரிந்த இளையவன்தான்.

நானோ மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வேதக்காரப் பிள்ளை. துணிக்கடைக்காரர் மகனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஊர்க்காரர்களுக்கென்று இருந்த ஒரேயொரு செம்மண் கோர்ட்டில் ஒருநாள் இரட்டையர் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. வேலிக்கு வெளியே நின்ற ஹனிபாவைக் கூப்பிட்டேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தான். வந்தவன் வலைக்கு அருகில் நின்றுகொண்டு, பறந்து வருகிற பந்தையெல்லாம் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி டக் டக்கென்று இறக்கினான். அன்றிலிருந்து சனிக்கிழமைப் பின்னேரம் என்றால் நாங்கள் இருவரும்தான்.

அந்த வருஷம் நகரப் போட்டியில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டோம். வென்ற சோடி கொழும்புக்குப் போகும். ஹாஜியார் மகனைக் கடைக்குள் கூப்பிட்டு, சேலைக் கட்டுகளுக்கு நடுவே நிறுத்திவைத்து ஒரே மூச்சில் சொன்னாராம்.

"ஜெயிச்சா கொழும்புக்குப் போ, இன்னொரு வருஷம் ஆடு, நான் ஒண்ணும் சொல்லல்ல. தோத்தா பெருநாளோட நாவலப்பிட்டிக்குப் போயிடணும். நோம்ப விட்டுட்டு ஜெயிச்சியோ, இந்த வாசப்படிய மிதிக்க வாணாம்."

நல்ல மனுஷர். ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் அதில் கால் அங்குலம்கூடக் குறைக்க மாட்டார். துணி அளக்கும்போதும் அப்படித்தான்.

இரண்டு நோன்புகள்

அந்த வருஷம் ரமழானும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. விபூதிப் புதன் முடிந்த சில நாட்களிலேயே பிறை கண்டார்கள். பெப்ரவரி, மார்ச் மாதத்துக் கண்டியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, மத்தியானத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். போட்டி நடத்துகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

எங்கள் வீட்டில் ஒருசந்தி கண்டிப்பு. ஞாயிறு தவிர, ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் வயிறு நிறையச் சாப்பாடு. காலையிலும் இரவிலும் பேருக்கு ஏதோ கொஞ்சம். இறுதியாட்டம் சனிக்கிழமை என்று தெரிந்ததும் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒருசந்தியும் பிடிச்சிக்கிட்டு வெயில்ல ஓடப் போறியா? மயங்கி கியங்கி விழுந்து செத்துவச்சேன்னா, பாஸ்குத் திருநாளுக்கு வளக்கிற கோழிய நான் யாருக்கு ஆக்கிப் போடுறது?"

ஒருசந்தியில் தண்ணீர் குடிக்கத் தடையே கிடையாது. ஆனால் ஹனிபா நோன்பு வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது நான் மட்டும் மடக் மடக்கென்று குடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சி தொடங்கிய முதல் நாளே முடிவு செய்துவிட்டேன், அவன் முன்னால் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை என்று. அவனிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிக்காட்டினால் அதற்குப் பெயர் மரியாதையா? பயிற்சியும் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்வேன். ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

வேவு பார்த்தோம்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பயிற்சி என்றால் பந்தை அடிப்பது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். எதிரியைப் பார்க்க வேண்டும். அதுவும் அவனுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும்.

பெர்சியும் எரிக்கும் ஆடிப் பழகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் இருந்தது. அதன் கீழே யாருக்கோ காத்திருப்பவர்கள் போல நானும் ஹனிபாவும் நிற்போம். பெர்சி இடதுகைக்காரன். அவனுடைய சர்வீஸ் வெளிப்பக்கமாக வளைந்து ஓடும். எரிக் நெட்டையன். தலைக்கு மேல் பந்தைத் தூக்கி அடிப்பதில் மன்னன். மேலே போன பந்து கடைசிக் கோட்டுக்குச் சற்று முன்னால் வந்து பொத்தென்று விழும்.

இரண்டு மூன்று நாள் பார்த்தும் குறை ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ஒருநாள் பந்து ஒன்று இருவருக்கும் நடுவே போயிற்று. இருவரும் அசையவில்லை. பந்து போன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முறைத்தார்கள். தம்பி ஏதோ சொன்னான். அண்ணன் அதற்கு மேல் சொன்னான். அடுத்த நாலு பந்தையும் இருவரும் கோபத்திலேயே வெளியே அடித்தார்கள்.

ஹனிபா என் விலாவில் இடித்தான். "பாத்தியாடா? நடுவுல போடு. மத்தத அவங்களே பாத்துக்குவாங்க."

அதுதான் எங்கள் முதல் தந்திரம். அவர்களுடைய தந்திரமும் எங்கள் காதுக்கு வந்துசேர்ந்தது. முடி வெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு பெர்சி பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அந்தத் துணிக்கடைப் பையன் வாயில் தண்ணீர் படாதவன், அவன் தலைக்கு மேலேயே பந்தைத் தூக்கிப் போட்டு ஓடவிட்டால் மூன்றாவது செட்டில் தானாக விழுந்துவிடுவான் என்று.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. ஹனிபாவைக் காப்பாற்ற வேண்டும். அவன் வலையருகிலேயே நிற்கட்டும். அவன் தலைக்கு மேலே போகிற எல்லாவற்றையும் பின்னால் நின்று நான் ஓடி எடுப்பேன். திட்டத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்தது.

"நான் ஏழு வயசுல இருந்து நோம்பு புடிக்கிறன்டா. என்ன ஏன் கண்ணாடிச் சாமான் மாதிரி அலுமாரியில தூக்கி வக்கப் பாக்குற?"

"கோவப்படாத. இது தந்திரம்."

"ஒன்ட தந்திரத்துல நீதான் சாகப் போற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

மனசு என்கிற எதிரி

ஹனிபா மனத்தைத் தயார்செய்த விதத்தில் எனக்கு இன்றைக்கும் பொறாமை. ஒன்றுமே செய்யவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவான், ஆடுவான், நோன்பு திறக்கப் போய்விடுவான்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் குளக்கட்டைச் சுற்றி நடப்பேன். "முதல் பந்து நடுவில், இரண்டாவது பந்து நடுவில்" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவேன். எதிரே வந்தவர்கள் ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் கணக்குப் போடும்போது என் கை தானாகப் பின்னால் போய் வீசும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

ஆகக் கேவலம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நடந்தது. எல்லோரும் முழங்காலில் நிற்க, நான் மட்டும் பெர்சியின் சர்வீஸ் எந்தப் பக்கம் வளையும் என்று யோசித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். சுவாமியார் என்னையே பார்த்துக்கொண்டு அடுத்த ஸ்தலத்தின் பெயரைச் சொன்னார், கொஞ்சம் உரத்து. பக்கத்தில் இருந்த அம்மா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்த இழுப்பில் தையல் விட்டுப்போயிற்று.

எனக்கு வெற்றி ஆசை மட்டும் இல்லை. பயம்தான் பெரிது. ஹனிபா போய்விடுவான் என்ற பயம். வாத்தியார் வேலை எனக்கு அப்போது பிடிக்கவில்லை, வீட்டில் எப்போதும் புத்திமதி. சனிக்கிழமையில் அவனோடு கோர்ட்டில் நிற்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் கிழமை முழுவதையும் தாங்கிக்கொள்ள வைத்தது. இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று வயதாகிவிட்டது. இனி என்ன வெட்கம்?

மூன்றாவது செட்

முதல் செட்டில் எங்கள் தந்திரம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல இறங்கியது. பந்து நடுவில் போகப் போக, அண்ணனும் தம்பியும் நாங்கள் பார்த்த அதே சண்டையைப் போட்டார்கள். இரண்டாவது செட்டில் சுதாரித்துக்கொண்டு, முடி வெட்டும் கடையில் சொன்னதைச் செய்தார்கள். எரிக் தூக்கிப் போட்டான், நான் ஓடினேன். மறுபடி தூக்கிப் போட்டான், மறுபடி ஓடினேன். ஹனிபா திரும்பித் திரும்பிப் பார்த்தான். "நான் எடுக்கிறன்டா" என்றான். "நில்லு அங்கயே" என்று கத்தினேன்.

அப்படித்தான் அந்த வாங்கில் வந்து உட்கார்ந்தோம். கூஜாவைத் தொடாமலே எழுந்தோம்.

மூன்றாவது செட்டில் கேம் கேமாக மாறி மாறிப் போயிற்று. மேற்குப் பக்கத்து மலையின் நிழல் கோர்ட்டின் பாதிக்கு வந்துவிட்டது. வேலியைச் சுற்றிக் கூட்டம். ரயில்வேக்காரர்கள் ஒரு பக்கம், கடைத்தெரு முழுவதும் இன்னொரு பக்கம். நாங்கள் ஐந்துக்கு நான்கு முன்னால் இருந்தோம். இன்னும் ஒரே ஒரு கேம். எரிக் பந்தைத் தூக்கினான். நான் பின்னால் ஓடினேன். ஓடிய காலை யாரோ பிடித்து முறுக்கியது போல் இருந்தது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அப்படியே செம்மண்ணில் விழுந்தேன்.

ஹனிபா ஓடிவந்து காலைப் பிடித்து நீவினான். அவன் கை சில்லென்று இருந்தது. மூச்சு வாங்கவில்லை. உதடு மட்டும் காய்ந்திருந்தது.

"தண்ணி குடிச்சா சரியாப் போகும்." கொஞ்சம் தயங்கினான். "ஒங்கட ஒருசந்தியில தண்ணியும் ஆகாதா?"

"ஆகும்."

"ஆகுமா? அப்ப ஏன்டா குடிக்கல்ல?"

"நீ நோம்பு வச்சிருக்க."

என் காலை நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ குடிச்சா என்ட நோம்பு முறியுமாடா, மடயா? ஒன்ட நோம்புக்கும் தண்ணி ஆகாதாக்கும், நாம கேட்டா மனசு நோகும்னு நெனச்சி, இத்தன நாளும் நான் வாயப் பொத்திக்கிட்டு ஈக்கிறன்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதிரிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள மாமரத்தடியில் நாள்கணக்கில் நின்றோம். பக்கத்தில் நின்றவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெர்சியும் எரிக்கும் ஹனிபா விழுவான் என்று காத்திருந்தார்கள். அவன் விழுந்துவிடக் கூடாதென்று நானும் காத்திருந்தேன். விழுந்தது நான்.

அவனே கூஜாவைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தான். குடித்தேன். நிறுத்தத் தெரியாமல் குடித்தேன். அது அடுத்த முட்டாள்தனம். எழுந்து நின்றபோது வயிற்றுக்குள் தண்ணீர் களக் களக்கென்று ஆடியது.

அதற்குப் பிறகு ஹனிபா ஆடிய ஆட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என்னை வலையருகில் நிறுத்திவிட்டு முழுக் கோர்ட்டையும் ஒருவனாக எடுத்துக்கொண்டான். அந்த மூலையில் இருப்பான், அடுத்த நிமிஷம் இந்த மூலையில் இருப்பான். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத மனுஷன். ரயில்வேக்காரர்களும் கைதட்டத் தொடங்கினார்கள். ஐந்துக்கு ஐந்து. ஐந்துக்கு ஆறு, அவர்கள் முன்னால்.

வெளிச்சம் மங்கிவிட்டது. இந்தப் பந்தை விட்டால் நாங்கள் தோற்றோம். பெர்சி அதை அடித்தான், எனக்கும் ஹனிபாவுக்கும் சரியாக நடுவில்.

என் கைக்கு எட்டுகிற பந்துதான். ஆனால் ஹனிபா ஓடிவருவது காதில் கேட்டது. கெடுத்துவிடக் கூடாது, அவனே அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் ராக்கெட் அசைவதைப் பார்த்து, நான் அடிக்கப் போகிறேன் என்று அவனும் நின்றுவிட்டான். பந்து எங்களுக்கு நடுவால் போய்ச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் விழுந்தது. நாங்கள் சண்டை போடவில்லை. சும்மா ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஹாஜியார் கேட்ட கேள்வி

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. வீட்டிலிருந்து வந்திருந்த நோன்புக் கஞ்சியை ஹனிபா எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தான். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணத்த சூடான கஞ்சி. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், வேலியோரம் தொப்பியும் குடையுமாக ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார். டென்னிஸ் கோர்ட்டுப் பக்கம் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது.

கிட்டே வந்தார். மகனைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மாஸ்டர், நாவலப்பிட்டியில இந்த ஆட்டம் ஆட எடம் ஏதும் ஈக்குதா?"

மனுஷர் இளகிவிட்டார் என்று நினைத்தேன். அங்கே இடமில்லை என்று தெரிந்தால் பிள்ளையைக் கண்டியிலேயே விட்டுவைப்பார். உள்ளதைச் சொன்னால் போதும்.

"இல்லீங்க ஹாஜியார். தொரமாரு கிளப்புல மட்டும்தான் இருக்கு. நம்மள கேட்டுக்குள்ளயும் விட மாட்டாங்க."

ஹாஜியார் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அப்ப நல்லம். கடைய ஒழுங்காப் பாப்பான்."

குடையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

ஹனிபா கஞ்சி புரையேறும் அளவுக்குச் சிரித்தான். "ஒரு பொய் சொல்லத் தெரியாதாடா ஒனக்கு?" என்று என் முதுகில் அடித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

பெருநாள் கழிந்த மறுநாள் காலை ரயிலில் அவன் நாவலப்பிட்டிக்குப் போனான். ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினேன். கையசைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வெள்ளைக் காற்சட்டை போட்டு, சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டேன். வலையைக் கட்டி இழுத்து முடிச்சுப் போட்ட பிறகுதான், இன்றைக்கு யாரோடு ஆட வந்தோம் என்று யோசித்தேன்.